கிரேக்கத் தீவுகளில் பாய்மரப் படகும் மலைக்கோட்டைகளும்: எதை ஏறலாம், எதை விடலாம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் நடுவில் பத்து நாள் விடுமுறை. கோஸ் தீவில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, பத்து நாள் கழித்து அங்கேயே திருப்பிவிடுவதாகத் திட்டம். நண்பருக்குப் படகோட்டும் லைசென்ஸ் இருக்கிறது. நீங்கள், உங்கள் மனைவி, நண்பர், அவர் மனைவி, அப்புறம் 68 வயது மாமனார். அவருக்கு வரலாற்றில் தீராத ஆர்வம், கூடவே முழங்கால் வலி. வரைபடத்தில் தீவுக்கொரு மலைக்கோட்டை தெரிகிறது; நாளைக்கு ஒன்று வீதம் பத்துக் கோட்டை பார்த்துவிட முடியுமா, எந்த வரிசையில் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது வரிசைதான். ஆனால் உண்மையில் முடிவு செய்ய வேண்டியது, நீங்கள் எல்லோரும் மேலே போயிருக்கும் மூன்று நான்கு மணி நேரம் படகை எங்கே, எந்த நம்பிக்கையில் விட்டுவிட்டுப் போவது என்பதை. அது தெளிவானால் வரிசை தானாக அமையும். பத்துக் கோட்டை நடக்காது. நான்கைந்து நன்றாகவே நடக்கும்.

நான் சரக்குக் கப்பல் வேலையை விட்டபின் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் வாடகைப் பாய்மரப் படகுகளுக்கு ஸ்கிப்பராக, அதாவது படகுத் தலைவனாக, இருப்பவன். காற்று, நங்கூரம், துறை பற்றிச் சொல்வதெல்லாம் கைப்பழக்கத்திலிருந்து வருவது. அதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கோட்டைகளின் வரலாறு படித்தும் ஏறிப் பார்த்தும் தெரிந்துகொண்டது. நான் தொல்லியல் படித்தவன் இல்லை. மாமனாரின் முழங்கால் அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம். பாதை எப்படி இருக்கும் என்பதை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

இந்தக் கோட்டைகள் ஏன் அத்தனை உயரத்தில் இருக்கின்றன என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை. கடலிலிருந்து வருகிறவனுக்குப் பயந்து கட்டியவை அவை. ஏழாம் நூற்றாண்டிலிருந்து அரபுக் கடற்படைகள், அப்புறம் எல்லா இனத்துக் கடற்கொள்ளையர்கள், 1537இல் ஒட்டோமான் கடற்படைத் தலைவர் பார்பரோசா என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; பயம் மாறவில்லை. ஊர் மேலே இருந்தது, கீழே துறையில் நாலு கிடங்கு மட்டும். கடற்கொள்ளை ஓய்ந்த பிறகுதான் மக்கள் மெல்ல இறங்கிவந்து துறைமுக ஊர்களைக் கட்டினார்கள். அதனால் கோட்டையைத் தேர்ந்தெடுத்தவன் பார்த்தது கடல் தெரிகிறதா, எதிரி ஏறக் கஷ்டப்படுவானா என்ற இரண்டைத்தான். கீழே படகு நிம்மதியாக நிற்குமா என்பது அவன் கவலையே இல்லை. பல இடங்களில் கோட்டைக்கு அடியில் இருக்கும் துறை காற்றுக்குத் திறந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கவலையை இப்போது நீங்கள்தான் படவேண்டும்.

உங்கள் பகுதி டொடெக்கனீஸ் தீவுக்கூட்டம். இங்கே கோட்டை என்றாலே செயின்ட் ஜான் சபை என்ற கிறிஸ்தவத் துறவுப் படையின் நைட்டுகள் (வீரர்கள்) கட்டியது என்று வழிகாட்டிகள் ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். பாதிதான் சரி. நைட்டுகள் 1306இல் ரோட்ஸ் தீவைத் தாக்கத் தொடங்கினார்கள்; நகரம் விழுந்தது 1309 என்றும் 1310 என்றும் நூலுக்கு நூல் மாறும். 1522இல் சுல்தான் சுலைமான் ஆறு மாதம் முற்றுகையிட்டு வென்றார். 1523 ஜனவரி முதல் தேதி நைட்டுகள் கப்பலேறிப் போனார்கள். இந்த இரண்டு நூற்றாண்டுச் சொச்சத்தில் அவர்கள் நிறையவே கட்டினார்கள். ஆனால் பெரும்பாலும் புதிய இடத்தில் இல்லை. பழைய கிரேக்க அக்ரோபொலிஸின் (மேட்டு அரணின்) மேலோ, பைசாந்திய (கிழக்கு ரோம) கோட்டையைச் சுற்றியோதான். ஆகவே ஒரே சுவரில் அடிவரிசை ஒரு காலம், நடு ஒரு காலம், உச்சி ஒரு காலமாக இருக்கும். வாசல் பக்கத்து அடிக்கற்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பே இல்லாமல் கச்சிதமாகப் பொருந்திய பெரிய கற்கள் என்றால் கிறிஸ்துவுக்கு முந்தியவை. சாந்து வைத்துச் சின்னக் கற்களால் நிரப்பியவை பின்னால் வந்தவை. மாமனாருக்கு இது ஒன்று போதும், பொழுது போவதே தெரியாது.

இப்போது காற்று. கோடையில் இங்கே மெல்டெமி என்ற வடகாற்று வீசும். பால்கன் பக்கம் உயரழுத்தம், சூடேறிய துருக்கி நிலத்தின் மேல் தாழ்வழுத்தம். இரண்டுக்கும் நடுவே ஏஜியன் ஒரு குழாய் மாதிரி ஆகிவிடுகிறது. ஜூலை, ஆகஸ்ட் உச்சம். காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 5, 6 சாதாரணம், 7 வந்தாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். வானம் பளிச்சென்று நீலமாகவே இருக்கும், மேகம் திரண்டு எச்சரிக்காது. வழக்கமாகக் காலையில் அடங்கி, மதியத்துக்கு மேல் ஏறும். செப்டம்பர் நடுவில் தளர ஆரம்பித்துவிடும் என்றாலும் மூன்று நாள் விடாமல் அடிப்பதும் உண்டு. மாதக் கடைசியில் தெற்குக் காற்று எட்டிப் பார்க்கலாம். வடக்கை மறைக்கும் துறைகள் எல்லாம் அப்போது தலைகீழாகிவிடும். கோஸிலிருந்து ரோட்ஸ் பக்கம் போகப் போக இந்தக் காற்று வடமேற்காகவும் மேற்காகவும் திரும்பும்.

இதிலிருந்து வருவதுதான் முதல் ஆலோசனை. கோஸில் எடுத்து கோஸிலேயே திருப்புவதாக இருந்தால் தெற்கே போகாதீர்கள். போகும்போது காற்று முதுகைத் தள்ளும், எல்லோரும் பாட்டுப் பாடுவார்கள். திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து, அலை முகத்தில் அடிக்க வரவேண்டும். கோட்டைக்கு ஒதுக்கிய நாட்கள் அதிலேயே போய்விடும். வாடகை நிறுவனத்திடம் கோஸில் ஏறி ரோட்ஸில் இறங்கும் ஒருவழிப் பயணம் கிடைக்குமா என்று கேளுங்கள். கூடுதல் கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம். நிசிரோஸ், டிலோஸ், ஹால்கி, சிமி, ரோட்ஸ் என்று வழிநெடுகக் கோட்டை. எந்த ஓட்டமும் ஏறக்குறைய 30 கடல் மைலைத் தாண்டாது, பெரும்பாலானவை 15இலிருந்து 20தான். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் நான்கு மணி நேரம். ஒவ்வொரு தீவிலும் இரண்டு இரவு தங்கினால் பத்து நாளும் நிரம்பிவிடும்; காற்றுக்காக ஒன்றிரண்டு நாள் கையில் மிஞ்ச வேண்டுமென்றால் ஒன்றிரண்டு தீவில் ஒரே இரவு தங்குங்கள்.

கோஸில் முதல் நாள் மாலை துறைமுகக் கோட்டையைச் சுற்றி வரலாம், ஆனால் அது தரைமட்டம், மலைக்கோட்டை இல்லை. 2017 ஜூலை நிலநடுக்கத்தில் அடிபட்டது. உள்ளே போக முடியுமா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம்.

நிசிரோஸ் தீவுக்கு வருகிறவர்கள் எரிமலை வாயைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கு அங்கே வேண்டியது மந்த்ராக்கி ஊருக்கு மேலே இருக்கும் பாலியோகாஸ்ட்ரோ. இது நைட்டுகள் கட்டியது அல்ல, கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சுவர். எரிமலைப் பாறையைக் கருகருவென்று வெட்டி, சாந்து இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். வாசல் இன்னும் நிற்கிறது, உள்ளே சுவர்மேல் ஏறும் படிகள் இருக்கின்றன. வாசலருகே சுவரிலேயே ஒரு வரி வெட்டியிருக்கிறது: சுவரிலிருந்து ஐந்தடி பொது நிலம். அதாவது புறம்போக்கு, யாரும் ஒட்டிக் கட்டாதே. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஆக்கிரமிப்பு எச்சரிக்கை! எழுத்து தேய்ந்திருக்கிறது, காலை வெயில் சாய்வாக விழும்போது தேடினால் தெரியும். நைட்டுகளின் கோட்டை கீழே, கடலோரப் பாறையில், பனகியா ஸ்பிலியானி மடத்தைச் சுற்றி இருக்கிறது, அதற்குப் படிக்கட்டு. படகு விஷயம்: மந்த்ராக்கி துறை வடக்கே திறந்தது, மெல்டெமியில் அங்கே கட்டிவிட்டு மலையேறப் போவது மடத்தனம். கொஞ்சம் கிழக்கே இருக்கும் பாலி என்ற சின்னத் துறைக்குள் கட்டுங்கள், அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ. பாலி வாசல் மணல் சேர்ந்து ஆழம் குறையக்கூடிய இடம். படகின் அடிப்பகுதி எவ்வளவு ஆழம் போகும் என்று தெரிந்துகொண்டு மெதுவாக நுழையட்டும் உங்கள் நண்பர்.

டிலோஸில் கோட்டை, தீவின் உட்பகுதியில் இருக்கும் மெகாலோ ஹோரியோ என்ற ஊருக்கு மேலே. படகு லிவாதியா துறையில் நிற்கும், நடுவே பஸ் ஓடுகிறது. இது உங்கள் பட்டியலிலேயே கரடுமுரடான ஏற்றம். பாதை கல்லும் சரளையும், நிழல் கிடையாது, இறங்கும்போது கால் வழுக்கும். மேலே வாசலில் பழைய அக்ரோபொலிஸின் கற்களை நைட்டுகள் அப்படியே பயன்படுத்தியிருப்பது தெரியும். மாமனாரை இதற்கு இழுக்க வேண்டாம். கீழே உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு, அவர் ஹர்காதியோ குகைப் பக்கம் போகலாம். அங்கேதான் 1971இல் குள்ள யானைகளின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. ஆளுயரம்கூட வராத யானைகள். கோட்டையைவிட அதில் அவருக்குச் சுவாரசியம் அதிகமாக இருந்தாலும் இருக்கும்.

ஹால்கி எனக்குப் பிடித்த தீவு. துறை எம்போரியோ, அங்கிருந்து மேலே கைவிடப்பட்ட ஹோரியோ கிராமத்துக்குச் செல்லும் சாலைக்குப் பெயர் டார்பன் ஸ்பிரிங்ஸ் பூலவார்ட். கடற்பஞ்சு எடுக்கும் தொழிலுக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போன தீவுக்காரர்கள் அனுப்பிய பணத்தில் போட்ட சாலை, அதனால் அங்குள்ள ஊரின் பெயர். ஹோரியோ கடலிலிருந்து சட்டென்று கண்ணில் படாத மடிப்பில் ஒளிந்திருக்கிறது, இந்தப் பக்கத்துக் கிராமங்கள் ஒளிந்த விதத்துக்கு நல்ல உதாரணம். கூரை போன வீடுகளுக்கு நடுவே ஏறினால் உச்சியில் கோட்டை, உள்ளே ஒரு சின்னத் தேவாலயம், மங்கிய சுவரோவியங்கள். கிராமம் வரை டாக்சி போகும், கடைசி ஏற்றம்தான் கால் வேலை. மேலே நின்றால் கிழக்கே ரோட்ஸின் மேற்குக் கரை விரியும்; அங்கே ஒரு குன்றின் மேல் கிரிதீனியா கோட்டை.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். நைட்டுகள் தீவுக்குத் தீவு, கோட்டைக்குக் கோட்டை நெருப்பு மூட்டி, எதிரி வரும் செய்தியைச் சில நிமிடங்களில் ரோட்ஸுக்கு அனுப்பினார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹால்கியிலிருந்து ரோட்ஸ் தெரிகிறது, டிலோஸிலிருந்து நிசிரோஸ் தெரிகிறது என்பது கண்ணால் பார்க்கிற உண்மை. நெருப்பும் புகையும் அக்காலத்தில் எச்சரிக்கைக்குப் பயன்பட்டதும் உண்மை. ஆனால் ஒரு கோட்டைகூட விட்டுப்போகாத முழுச் சங்கிலி, இத்தனை நிமிடத்தில் செய்தி என்று கணக்கெல்லாம் சொன்னால் அது சுற்றுலாக் கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் கடல்மேல் படியும் வெண்புகை மூட்டத்தில் பல நாள் பக்கத்துத் தீவே தெரியாது. கோட்டையிலிருந்து கடற்கரைக்கு ரகசியச் சுரங்கம் என்று காட்டுவதும் இதே ரகம். பெரும்பாலும் அது மழைநீர்த் தொட்டியின் வாய். தொட்டிகளைக் கட்டாயம் பாருங்கள். முற்றுகையில் கோட்டை விழுவதும் நிற்பதும் தண்ணீரைப் பொறுத்தது. ஆறும் ஊற்றும் எட்டாத இந்த மலைக்கோட்டைகளில் மேற்கூரையில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் அங்கேதான் போனது.

ஹால்கியிலிருந்து சிமிக்கு வடகிழக்காகப் போகவேண்டும். காற்று பலமாக இருந்தால் அந்த ஓட்டம் கொஞ்சம் நனைக்கும். அப்படி இருந்தால் வரிசையை மாற்றி டிலோஸிலிருந்தே நேராக சிமி போய்விடுங்கள். காற்று பக்கவாட்டில் வரும், படகுக்குப் பிடித்த ஓட்டம். சிமியில் யாலோஸ் துறையிலிருந்து மேட்டு ஊருக்கு (இதற்கும் ஹோரியோ என்றுதான் பெயர்) காலி ஸ்த்ராத்தா என்ற படிக்கட்டு. சுமார் 500 படிகள் என்பார்கள். இருபுறமும் கடற்பஞ்சு வியாபாரிகளின் பழைய மாளிகைகள், சில பளபளப்பாக, சில உள்ளே அத்திமரம் முளைத்து. படிகள் அகலம்தான், ஆனால் காலங்காலமாக மிதிபட்டு வழவழத்துப் போனவை; ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்குக் கெடுதல். பஸ் மேலே ஹோரியோ வரை போகிறது, மாமனார் அதிலேயே போய் அதிலேயே வரட்டும். கோட்டையில் எஞ்சியிருப்பது கொஞ்சம்: சுவர்களும் அதில் பதித்த நைட்டுகளின் குலச்சின்னமும். 1944இல் ஜெர்மானியர்கள் அங்கே இருந்த வெடிமருந்தை வெடிக்கவைத்ததில் உள்ளே இருந்த தேவாலயம் அழிந்தது. இப்போது நிற்பது பிறகு கட்டியது. அடுத்த ஆண்டு மே 8ஆம் தேதி டொடெக்கனீஸ் ஜெர்மானியப் படை சரணடைந்ததும் இதே சிமியில்தான், கீழே துறையோரத்தில்.

சிமி துறை அழகு, ஆனால் நங்கூரத்துக்கு நரகம். ஆழம் அதிகம், இடம் நெருக்கம். எதிர்க்கரைப் படகும் உங்கள் படகும் துறையின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலி போட்டிருப்பீர்கள். நீங்கள் மேலே குலச்சின்னத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, கிளம்புகிற ஒருவர் தன் நங்கூரத்தோடு உங்களுடையதையும் சேர்த்துத் தூக்கிவிடுவார். அதனால் இங்கே மட்டும் என் பழக்கம் வேறு: பக்கத்தில் பேதி என்ற விரிகுடாவில் படகை நிறுத்துவேன். அங்கிருந்தும் ஹோரியோவுக்குப் பஸ் உண்டு, நடந்தாலும் ஏற்றம் குறைவு.

படகை விட்டுப் போவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதுதான் விஷயமே. கிரேக்கச் சின்னத் துறைகளில் முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்பக்கமாகத் துறைச்சுவரை நோக்கி வந்து, இரண்டு கயிறுகளால் பின்புறத்தைக் கட்டுவதுதான் முறை. படகைச் சுவரில் மோதாமல் பிடித்து வைத்திருப்பது அந்த ஒற்றை நங்கூரம். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். கட்டிய பிறகு இன்ஜினைப் பின்னோக்கி மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருட்களை, ஒரு விளக்குக் கம்பமும் அதற்குப் பின்னால் ஒரு ஜன்னலும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு அசையாவிட்டால் நங்கூரம் பிடித்திருக்கிறது. அசைந்தால் எடுத்து மறுபடி போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பக்கத்துப் படகுக்காரர் உள்ளூர நன்றிதான் சொல்வார். அப்புறம் ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டே கிளம்புங்கள். வந்த அன்றே ஏறுவதைவிட, அடுத்த நாள் விடிந்ததும் ஏழு மணிக்குக் கிளம்பி, பத்தரைக்குள் இறங்கிவிடுவது என் வழக்கம். காற்று அப்போது தூக்கத்தில் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பக்கத்துப் படகுகள் கிளம்பிச் சங்கிலியைக் குழப்புவது காலை ஒன்பது மணிக்கு மேல்தான், அதனால் இன்ஜினை இயக்கத் தெரிந்த ஒருவர் படகிலேயே இருக்கட்டும். நீங்களும் நண்பரும் தீவுக்குத் தீவு முறை மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் இருவருக்கும் பாதிக் கோட்டைகள்தானே என்று கேட்பீர்கள். ரோட்ஸ் மரீனா போல நங்கூரம் தேவைப்படாத இடங்களில் எல்லோரும் சேர்ந்து போகலாம். மற்ற இடங்களில் கணக்கு அதுதான்.

முழங்கால் பற்றி இன்னொன்று. ஏறும் படிகளை நினைத்து எல்லோரும் பயப்படுவார்கள், படகிலிருந்து துறைக்கு இறங்கும் பலகையை மறந்துவிடுவார்கள். ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலப் பலகை, கீழே தண்ணீர், படகு அசைந்தால் அதுவும் அசையும். முழங்கால் நம்பிக்கை இல்லாதவருக்குப் பத்து நாளும் தினம் நாலு தடவை அதைக் கடப்பதுதான் பெரிய சோதனை. கைப்பிடிக் கயிறு உள்ள பலகை வேண்டும் என்று முன்பே கேட்டு வாங்குங்கள்.

ரோட்ஸ் நகரத்தில் நைட்டுகளின் தலைவரான கிராண்ட் மாஸ்டரின் அரண்மனையைப் பார்ப்பீர்கள். 1856 வெடிவிபத்தில் அது பெரும்பகுதி இடிந்து போனது. இப்போது இருப்பது 1912க்குப் பிறகு தீவுகளை ஆண்ட இத்தாலியர்கள், 1930களின் கடைசியில் தங்கள் ரசனைக்கு எழுப்பியது. தரையில் உள்ள மொசைக்குகளில் பல கோஸிலிருந்து கொண்டுவந்தவை. பார்க்கலாம், ஆனால் நைட்டுகளின் கையை அங்கே தேட வேண்டாம். நகரைச் சுற்றிய அகழியிலும் மதிலிலும் தேடுங்கள். படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் லிண்டோஸ் போங்கள். கடல் வழியாகவும் போகலாம்தான், காற்று மலையிலிருந்து திடீர் திடீரென்று அறையும் விரிகுடா அது, ஒரு நாளுக்காக அந்த அவஸ்தை வேண்டாம். அங்கே நைட்டுகளின் கோட்டைக்குள் ஏறும் படிகளுக்குக் கீழே, பாறை முகத்தில் ஒரு போர்க்கப்பலின் பின்பகுதி புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, பித்தோக்ரிதோஸ் என்ற சிற்பியின் வேலை. பக்கவாட்டுச் சுக்கான் துடுப்பும் மேலே வளைந்து ஏறும் பின்முனையும் துல்லியமாகத் தெரியும். பத்து நாள் படகில் இருந்துவிட்டு அதைப் பார்ப்பவருக்கு, பஸ் சுற்றுலாக் கூட்டத்துக்குத் தெரியாத பல விஷயங்கள் தெரியும். மேலே ஏறும் முன்பே அங்கே கால் மணி நேரம் நில்லுங்கள். மோனோலித்தோஸ் கோட்டையை மட்டும் கடலிலிருந்து பார்த்தால் போதும். மேற்குக் கரையில் அதற்கடியில் படகு விட இடம் கிடையாது.

ஒருவழிப் பயணம் கிடைக்காவிட்டால் வடக்கே போங்கள்: கலிம்னோஸ், லெரோஸ், பாத்மோஸ். முதலில் கஷ்டப்பட்டு மேலே போய்விட்டால் திரும்புவது சுகம். கலிம்னோஸில் ஹோரா ஊருக்கு மேல் பெரா காஸ்ட்ரோ, இடிபாடுகளுக்கு நடுவே வெள்ளையடித்த தேவாலயங்கள். ஒரு காலை போதும். பாத்மோஸில் கோட்டை என்று தனியாக இல்லை, 1088இல் தொடங்கிய புனித யோவான் மடமே கோட்டை. பஸ் உண்டு; மடம் நண்பகலில் மூடிவிடும் நாட்கள் உண்டு; தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஆனால் படகோட்டியாக என்னைக் கேட்டால் டொடெக்கனீஸில் முதலிடம் லெரோஸ் கோட்டைக்குத்தான். பைசாந்தியர் தொடங்கி நைட்டுகள் விரித்த மூன்று அடுக்கு மதில். கார் வாசல் வரை போகும், அதாவது மாமனாரும் வருவார். உள்ளே கோட்டைப் பனகியா தேவாலயம். அதன் மாதா படம் கடல் வழியாகத் தானே வந்து, எடுத்து எங்கே வைத்தாலும் வெடிமருந்து அறைக்கே திரும்பிப் போனது என்று ஊர்க்கதை. நம்புவது உங்கள் விருப்பம், சொல்கிறவர் முகத்தில் சந்தேகமே இருக்காது. கீழே மலைமுகட்டில் வரிசையாகக் காற்றாலைகள். அவற்றை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ஆலைக்காரன் காற்று எங்கே பிய்த்துக்கொண்டு போகிறது என்று பார்த்துத்தான் அங்கே கட்டினான். அதே இடைவெளி வழியாகத்தான் காற்று அந்தப் பக்கம் பந்தேலி விரிகுடாவில் இறங்கி அறையும். அலை இருக்காது, ஆனால் படகு இழுபடும். ஆஸ்திபாலயாவிலும் இதே காட்சி, முகட்டில் ஆலை, கீழே அறையும் காற்று. அந்தத் தீவின் குவெரினி கோட்டை அபூர்வமானது, நைட்டுகளுடையதல்ல, வெனிஸ்காரர்களுடையது. வீடுகளின் பின்சுவர்களே மதில், நுழைவாயிலின் மேலேயே ஒரு தேவாலயம். அதன் அடியில் இருண்ட வளைவு வழியாகக் குனிந்து போகவேண்டும். ஆனால் அது கோஸிலிருந்து மேற்கே திறந்த கடலில் நீண்ட ஓட்டம். உங்கள் முதல் பயணத்தில் வேண்டாம்.

கடைசியாக லைசென்ஸ். ஸ்கிப்பர் இல்லாமல் படகு எடுத்தால், ஒருவர் அங்கீகரிக்கப்பட்ட லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், இரண்டாமவர் தனக்குப் படகு அனுபவம் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கிரேக்க நடைமுறை. இரண்டாமவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்தக் கையெழுத்தைச் சும்மா போடாதீர்கள், கிளம்புவதற்கு முன் நங்கூரம் போடுவதும் பின்னோக்கிக் கட்டுவதும் நண்பரிடம் பழகிக்கொள்ளுங்கள். நண்பரின் சான்றிதழ் ஸ்கேனை நிறுவனத்துக்கு அனுப்பி, செல்லும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். அவர் பெரும்பாலும் ஏரியிலோ காற்று குறைந்த கடலிலோ ஓட்டியவர் என்றால், முதல் மூன்று நாளுக்காவது உள்ளூர் ஸ்கிப்பர் ஒருவரை அமர்த்துங்கள். அந்த மூன்று நாளும் படகில் இருக்க ஓர் ஆள் கிடைத்துவிடுவார், நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்தே மேலே போகலாம்.